மைனஸ் பத்தும் ஆனா அண்ணாத்தையும்

செங்கல்பட்டு மாவட்டத்தில் ஒரு பொருளைக் கடையில் பார்த்து, பிடித்துப்போய், வாங்கி வந்து, நிம்மதியாகப் பயன்படுத்தும் மனிதர் யாராவது இருந்தால், அவருக்கு ஆனா அண்ணாத்தையைத் தெரியாது என்று நான் எழுதிக் கொடுக்கத் தயார். தெரிந்தவர்கள் எவரும் எதையும் வாங்கியதில்லை. நான் இரண்டு கோடையை ஃப்ரிட்ஜ் இல்லாமல் கழித்தவன். மூன்றாவது கோடையில் அவருக்குத் தெரியாமல் ஒன்று வாங்கி, அவர் வீட்டுக்கு வரும்போதெல்லாம் அதன்மேல் போர்வையைப் போட்டு மூடி, பீரோ என்று சொல்லிக்கொண்டிருந்தேன். மோட்டார் சத்தத்தை வைத்துக் கண்டுபிடித்துவிட்டார். ஏசி மெக்கானிக்கிடம் போய் ஃப்ரிட்ஜை மறைக்கப் பார்த்த புத்தியை என்னவென்று சொல்ல.

நாவலூரில் நான் வேலைபார்த்த அலுவலகக் கட்டடத்துக்கு அவர்தான் ஏசி மெக்கானிக். ஒப்பந்த ஊழியர். அடையாள அட்டையில் ஒரு பெயர் இருந்தது. வாட்ச்மேனைத் தவிர யாரும் அதைப் படித்ததில்லை. எதைக் காட்டினாலும் இரண்டு கையாலும் வாங்கி, திருப்பி, தட்டி, முகர்ந்து பார்த்துவிட்டு, “நல்லாத்தான் கீது சார்... ஆனா” என்பார். அதற்குப் பிறகு கொஞ்ச நேரம் பேசமாட்டார். அந்தக் கொஞ்ச நேரத்துக்குள் நம் ஆசை செத்துவிடும்.

என் புது ஹெல்மெட்டை மூன்றாவது மாடியிலிருந்து கீழே போட்டவர் அவர். உடையவில்லை. “உடையல. ஆனா சத்தம் சரியில்ல” என்றார். அலுவலகத்தில் எல்லோரும் முட்டுக்காட்டுக்குப் பிக்னிக் போனபோது, லைஃப் ஜாக்கெட்டை மாட்டிக்கொண்டு, படகு கட்டியிருக்கும்போதே தண்ணீரில் குதித்துவிட்டார்.

“யோவ், வண்டியே எடுக்கல, அதுக்குள்ள இன்னாத்துக்கு வுயுற?” என்று படகுக்காரர் கத்தினார்.

“நடுத்தண்ணில வுயுந்தப்புறம் டெஸ்ட் பண்ணச் சொல்றியா?” என்று மிதந்துகொண்டே கேட்டார் அண்ணாத்த.

ஜாக்கெட் நன்றாகத்தான் மிதந்தது. கரையேறி, ஈரம் சொட்டச் சொட்ட, “மெதக்குது. ஆனா மூஞ்சி முன்னால சாயுது” என்றார். கணக்குப் பிரிவு மொத்தமும் படகில் ஏறாமல் கரையிலேயே உட்கார்ந்து புளியோதரை சாப்பிட்டுவிட்டுத் திரும்பியது. நானும் அவர்களோடு உட்கார்ந்திருந்தேன். இப்படியெல்லாம் எங்கள் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டவரிடமே அடுத்த பொருளுக்கும் ஏன் போனோம் என்றால், பாழாய்ப்போன மனிதர் சொன்னது பெரும்பாலும் பலித்துத் தொலைத்தது.

இப்படிப்பட்டவருக்கு ஒரே மகள். கலைச்செல்வி. உடற்கல்வி படிக்கிறாள். ஓடுவாள், தாண்டுவாள், கபடியில் நாலு பேரைத் தூக்கிக்கொண்டு கோட்டுக்கு வருவாள். போன வருடம் இமயமலையில் இருபது நாள் மலையேற்றப் பயிற்சிக்கு அவளைத் தேர்ந்தெடுத்துவிட்டார்கள். கொண்டுவர வேண்டிய சாமான்களின் பட்டியலை எடுத்துக்கொண்டு அண்ணாத்த என் சீட்டுக்கு வந்தார். அதில் ஒரு வரியில் விரலை வைத்திருந்தார்: ‘ஸ்லீப்பிங் பேக், டவுன், மைனஸ் பத்து டிகிரி.’

“டவுன்னா இன்னா சார்?”

“வாத்து நெஞ்சுல மெத்துன்னு பஞ்சு மாதிரி இறகு இருக்கும்ல, அதான். அதைப் பைக்குள்ள அடைச்சிருப்பாங்க. உள்ள பூந்து ஜிப்பை இழுத்துக்கணும்.”

“வாத்துக்குள்ள படுக்கணும்.”

“கிட்டத்தட்ட.”

நல்ல கம்பெனிப் பை ஒன்றை ஃபோனில் காட்டினேன். விலையைப் பார்த்துவிட்டு, கை சுட்டதுபோல ஃபோனைத் திருப்பிக் கொடுத்தார். அடுத்து, பேர் தெரியாத கம்பெனியின் பட்ஜெட் பை. அதே இறகு, அதே மைனஸ் பத்து, விலை கால்வாசி. வாங்கியவர்கள் கருத்து எழுதியிருந்தார்கள். ஒருவர் ‘சூப்பர், டெலிவரி ஃபாஸ்ட்’ என்றார். இன்னொருவர் ‘குளிரில் செத்தேன்’ என்றார். மூன்றாமவர் பையின்மேல் தன் நாய் தூங்கும் படத்தைப் போட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்திருந்தார்.

“நாய் நல்லாத்தானே தூங்குது அண்ணாத்த?” என்றேன்.

“நாய்க்கு சொந்தமா முடி கீது சார். எம்பொண்ணுக்கு இன்னா கீது?”

அப்புறம்தான் அந்த மனிதர் வாயிலிருந்து நான் கேட்டேயிராத ஒன்றைச் சொன்னார். “எனக்குக் குளிர்ன்னா தெரியாது சார். மீட்டர்ல முள்ளு எங்க நிக்குதுன்னுதான் தெரியும். ஒடம்புல எப்படி ஏறும்னு தெரியாது.”

உண்மைதான். இருபது வருடமாக ஊருக்கெல்லாம் குளிரைக் கொடுத்துவிட்டு, அவர் மட்டும் மொட்டைமாடியில், இயந்திரம் துப்புகிற சூட்டுக்காற்றில் நின்றுகொண்டிருந்தார். வீட்டில் ஒரு மின்விசிறி. இதுவரை எனக்கு இது தோன்றியதே இல்லை. வெட்கமாக இருந்தது.

பை வந்தது. தேங்காய் அளவு உறையிலிருந்து உருவினால் கன்றுக்குட்டி அளவு உப்பியது. ஜிப்பை நூறு தடவை இழுத்தார். மூன்று தடவைக்கு ஒருமுறை துணியைக் கடித்தது. வெயிலுக்கு நேராகத் தூக்கிப் பிடித்தார். “தையல் போட்ட எடத்துல இறகே இல்ல பாருங்க. கோடு கோடா குளிர் பூரும்” என்றார். பிறகு அதைச் சுருட்டிக்கொண்டு கறிக்கடை பாயிடம் போனார். இறகைப் பற்றி அவரைவிட அதிகம் தெரிந்தவர் யார்?

பாய் கோழியை அப்படியே வைத்துவிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். பைக்கு வெளியே நீட்டிக்கொண்டிருந்த இறகு ஒன்றைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தார். “இதுல காம்பு கீது நைனா. காம்பு இருந்தா ரெக்கை. காம்பில்லாம பூவாட்டம் இருக்கணும், அதான் சூடு. உள்ள ரெண்டும் கலந்துகீது. முக்கால் பூ, கால் ரெக்கைன்னு வெச்சுக்கோ.”

“வாங்கலாமா, கூடாதா?”

“நான் கறி விக்கிறவன்பா” என்று சொல்லிவிட்டுப் பாய் கோழிக்குத் திரும்பினார்.

திருப்பி அனுப்ப இரண்டு நாள்தான் பாக்கி. அப்போதுதான் அண்ணாத்தைக்கு அந்த யோசனை வந்தது. கோவளத்துக்குத் தெற்கே, கடலோரத்தில் ஓர் ஐஸ் ஃபேக்டரியில் அவர் கம்ப்ரஸர் ரிப்பேருக்குப் போய்வருவார். மீன்பெட்டிகளுக்கு ஐஸ் உடைத்துப் போடுகிற அறையில் பையை விரித்து மூன்று மணி நேரம் படுப்பது என்று முடிவு. தெர்மாமீட்டரும் கடிகாரமும் பிடிக்க நான். மறுத்திருக்கலாம். என்னைப்போன்ற ஆளுக்கு மறுக்கத் தெரிந்திருந்தால் இரண்டு கோடை வெந்நீராகக் குடித்திருப்பேனா?

வெளியே அக்னி நட்சத்திரம். தார்ரோட்டில் செருப்பு ஒட்டியது. உள்ளே மூன்று டிகிரி. தரையெல்லாம் ஐஸ் கரைந்த தண்ணீர். அண்ணாத்த ஒரு கோணிச்சாக்கை விரித்து, அதன்மேல் பையைப் போட்டார். பிறகு சட்டையைக் கழற்றினார், பேன்ட்டையும் கழற்றினார்.

“அண்ணாத்த, துணியோட படுக்கலாமே?”

“துணியோட படுத்தா துணிய டெஸ்ட் பண்றமா, பைய டெஸ்ட் பண்றமா?”

அரை டிராயரோடு உள்ளே புகுந்து ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துக்கொண்டார். நான் ஸ்வெட்டர் என்று ஒன்று வாழ்நாளில் வாங்காதவன் என்பதால் குளியல் துண்டைப் போர்த்திக்கொண்டு பக்கத்தில் நின்றேன். பெட்டி தூக்கிவந்த ஒருவர் கீழே குனிந்து பார்த்து, “இது எந்த வண்டிக்குப் போற மீனு?” என்று கேட்டார். அண்ணாத்த கண்ணைத் திறந்து அவரைப் பார்த்ததும், பெட்டியைப் போட்டுவிட்டு ஓடினார்.

பத்து நிமிடம் அமைதி. பதினைந்தாவது நிமிடம் பை லேசாக ஆட ஆரம்பித்தது. இருபத்தைந்தாவது நிமிடம் பல்லடிக்கும் சத்தம் ஐஸ் உடைக்கும் சத்தத்தைத் தாண்டி எனக்குக் கேட்டது. “ஜிப்பு” என்றார். ஜிப் துணியைக் கடித்துக்கொண்டு நின்றது. நானும் பெட்டி தூக்குகிற இரண்டு பேரும் காலையும் தலையையும் பிடித்து, அவரைப் பையோடு சேர்த்து வெளியே இழுத்துப்போய் மணலில் போட்டு உருவினோம்.

உச்சி வெயில். மணல் கொதிக்கிறது. அதில் உட்கார்ந்துகொண்டு அந்த மனிதர் நடுங்கினார். பக்கத்தில் பை, நனைந்த கோழி மாதிரி ஒட்டிப்போய்க் கிடந்தது.

“மைனஸ் பத்துன்னு போட்டுகீறான் சார். ப்ளஸ் மூணுலயே எனக்கு பல்லு நிக்கல. எம்பொண்ணு இதுல செத்துப்பூடும் சார்.”

சொல்லிவிட்டு அழுதார். நான் போர்த்தியிருந்த துண்டை எடுத்து அவர் தோளில் போட்டேன்.

வீட்டுக்கு வந்த கலை பையைத் தொட்டுப் பார்த்தாள். நடந்ததையெல்லாம் கேட்டாள். பிறகு தலையில் கைவைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

“அப்பா, இறகு உப்பினாத்தான்பா சூடு. ஈரம் பட்டா அவ்ளோதான். கீழ மேட் போடணும். உள்ள ரெண்டு சட்டை, ஸ்வெட்டர், சாக்ஸ் எல்லாம் போட்டுகினு படுக்கணும். எவனாச்சும் ஐஸ் தண்ணில டிராயரோட படுப்பானா?”

“அப்ப பை நல்ல பைதானா?”

“இனிமே யாருக்குப்பா தெரியும்?”

அதுதான் கொடுமை. சோதித்துப் பார்த்ததிலேயே பை போய்விட்டது. மீன் நாற்றமடிக்கிற பையை எந்தக் கம்பெனி திருப்பி எடுத்துக்கொள்ளும்? இன்னொன்று வாங்க வழியில்லை. ரயிலுக்கு நாலு நாள். கேளம்பாக்கத்தில் அவர் வீட்டில் கடற்காற்றின் பிசுபிசுப்பில் எதுவும் ஒழுங்காகக் காயாது. செங்கல்பட்டில் என் வீட்டு மொட்டைமாடி வறவறவென்று இருக்கும் என்று அங்கே கொண்டுவந்தார்.

மூன்று நாள் லீவு போட்டுவிட்டு, தலையில் ஈரத்துண்டோடு, அந்த வெயிலில் உட்கார்ந்தார். உள்ளே இறகெல்லாம் புளி உருண்டை மாதிரி கட்டியாகியிருந்தது. ஒவ்வொரு கட்டத்திலும் விரலால் தடவி, உருண்டையைக் கண்டுபிடித்து, துணிக்கு மேலிருந்தே மெல்ல நசுக்கி, பிரித்து, உதறி, அடுத்த கட்டத்துக்குப் போவார். தெருவிலிருந்த பூனைகள் அத்தனையும் வாசனைக்கு மாடி ஏறிவந்து அவரைச் சுற்றி உட்கார்ந்துகொண்டன. என் மனைவி மோர் கொண்டுபோய்க் கொடுத்தாள். குடித்துவிட்டு டம்ளரைக் கீழே வைத்தார். உப்பு கம்மி என்றாவது சொல்வார் என்று எதிர்பார்த்தோம். ஒன்றுமே சொல்லவில்லை. மனைவி கீழே வந்து, “அந்த மனுஷனுக்கு உடம்புக்கு ஏதாவது ஆயிடப்போவுதுங்க” என்றாள்.

மூன்றாம் நாள் சாயங்காலம் பை பாதிக்குமேல் உப்பியிருந்தது. பழைய கன்றுக்குட்டி இல்லை. ஆனாலும் ஓர் ஆடு அளவுக்குத் தேறியது.

சென்னையில் ரயிலேற்றப் போனபோது நானும் போனேன். ஜன்னலோரம் உட்கார்ந்து கலை கேட்டாள்: “அப்பா, ஊருக்கெல்லாம் சொல்ற. எனக்குச் சொல்லு. இது தாங்குமா, தாங்காதா?”

“தெரில மா” என்றார். ரயில் போன பிறகும் அந்த இடத்தை விட்டு நகரவில்லை.

பயிற்சி தொடங்கியபின் பதினோரு நாள் தகவல் இல்லை. மேலே சிக்னல் கிடைக்காது என்று முன்பே சொல்லியிருந்தார்கள். சொன்னால் மட்டும் அப்பாக்களுக்குப் புரிந்துவிடுமா? தினமும் காலையில் என் சீட்டுக்கு வருவார். “இன்னிக்கு அங்க எவ்ளோ சார்?” ஃபோனில் பார்த்துச் சொல்வேன். மைனஸ் ரெண்டு. மைனஸ் நாலு. ஒருநாள் மைனஸ் ஏழு என்று காட்டியது; மைனஸ் மூணு என்று பொய் சொன்னேன். தன் ஃபோனை எடுத்து என்னிடம் காட்டினார். அதிலும் ஏழுதான் இருந்தது. திரும்பிப் போய்விட்டார். அவர் ஏற்கெனவே பார்த்துவிட்டு, வேறு யாராவது குறைத்துச் சொல்லமாட்டார்களா என்றுதான் தினமும் வந்திருக்கிறார்.

கலை கடைசியில் பத்திரமாகத்தான் திரும்பி வந்தாள், மூக்குத்தோல் உரிந்து, முகம் கறுத்து, கையில் சான்றிதழோடு. அது பிறகு. பன்னிரண்டாம் நாள் மதியம், கீழ்த்தளத்தில் ஏசி இயந்திர அறையில் அவரைத் தேடிப்போனபோது, கவிழ்த்துப்போட்ட பக்கெட்டின்மேல் உட்கார்ந்து அவர் ஃபோனில் கலையோடு பேசிக்கொண்டிருந்தார். மேலே எங்கேயோ அவளுக்குச் சிக்னல் கிடைத்திருந்தது. இயந்திர இரைச்சலில் கேட்க வேண்டுமென்று ஸ்பீக்கரில் போட்டிருந்தார்.

“பை எப்படி மா கீது?”

“செம சூடுப்பா. ராத்திரி வேர்க்குதுன்னு ஜிப்பைத் தொறந்துவுட்டுகினு தூங்குறேன். எல்லாரும் எங்க வாங்கினன்னு கேக்குறாங்க.”

“சரி மா.”

“நீ சாப்ட்டியா?”

“சாப்ட்டன் மா. வெச்சிடு, சார்ஜ் போயிடும்.”

ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார். இன்னும் எட்டு ராத்திரி பாக்கி இருந்தது.

“மைனஸ் ஏழுல எவனுக்கு சார் வேர்க்கும்?” என்றார். சிரிக்கத்தான் பார்த்தார். முடியவில்லை. டிபன் பாக்ஸ் பக்கத்தில் திறக்காமலேயே இருந்தது.

இரண்டு மணிக்கு எனக்கு மீட்டிங். இன்னொரு பக்கெட்டைக் கவிழ்த்துப்போட்டு அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். அன்றைக்கு அந்த ஆளைத் தனியாக விட்டுப் போக எனக்கு மனசு வரவில்லை.