இருமலக்காவின் சொம்பு

தஞ்சாவூர் ஜில்லாவிலேயே இருமலுக்கு மார்க் போட்ட ஒரே பெண்மணி எங்கள் இருமலக்காதான். ஆஸ்பத்திரிச் சம்பளப் பட்டியலில் அவருக்கு வேறு பெயர் உண்டு. அது எனக்கும் மேனேஜருக்கும் மட்டும் தெரியும். அதிலும் மேனேஜர் மறந்துவிட்டார்.

சிறுநீரக வைத்தியத்துக்கென்றே இருந்த அந்த மூன்று மாடிக் கட்டடத்தில் பதினோரு வருஷம் நான் ரிசப்ஷனில் உட்கார்ந்திருந்தேன். என் கவுண்டருக்கு நேர் எதிரே அக்காவின் பரிசோதனை அறை. அடக்க முடியாமல் சிறுநீர் கசிகிற பெண்களுக்கு அது ஏன் கசிகிறது என்று கண்டுபிடிக்கிற மிஷின் அங்கே இருந்தது. மூத்திரப்பைக்குள் ஒரு மெல்லிய குழாய், பின்பக்கம் இன்னொரு குழாய். உப்புத்தண்ணீரைக் கொஞ்சம் கொஞ்சமாக உள்ளே ஏற்ற ஏற்ற, பைக்குள் எவ்வளவு அழுத்தம் என்று திரையில் கோடு கோடாக ஓடும். நடுநடுவே இருமச் சொல்வார்கள். இருமினால் கோடு குத்திட்டு எழும்ப வேண்டும். இருமலோடு சிறுநீரும் வந்துவிட்டால் கோளாறு எங்கே என்று தெரிந்துவிடும். எல்லா டெக்னீஷியன்களும் இருமத்தான் சொல்வார்கள். ஆனால் அக்கா சொல்வது மூன்றாவது மாடிக்குக் கேட்கும்.

"இருமுங்கம்மா! இது என்ன இருமலு? மாமனார் வர்றாருன்னு கனைக்கிற மாதிரி இருக்கு. அடிவயித்துலேர்ந்து வரணும். ம்... பரவால்ல, பத்துக்கு நாலு மார்க். இன்னொரு தடவ!"

வெளியே பெஞ்சில் காத்திருக்கும் பெண்கள் இதைக் கேட்டுத் தாங்களும் ஒத்திகை பார்க்க ஆரம்பித்துவிடுவார்கள். கொரோனா சமயத்தில் ஊரே இருமுகிறவரைக் கண்டு ஓடியது. எங்கள் கட்டடத்தில் மட்டும், "நல்லா இருமுங்க, வெக்கப்படாம இருமுங்க" என்று காலையிலிருந்து குரல் கேட்டுக்கொண்டிருந்தால் பக்கத்து ஜெராக்ஸ் கடைக்காரர் என்னதான் செய்வார்? போன் போட்டுவிட்டார். முழு உடுப்போடு சுகாதாரத் துறை ஆட்கள் வந்து இறங்கி, டாக்டரில் ஆரம்பித்து வாட்ச்மேன் வரை எல்லார் மூக்கிலும் குச்சியை விட்டார்கள். அக்கா முறை வந்தபோது குச்சியைப் பிடித்திருந்த பையனிடம், "தம்பி, கொஞ்சம் இருமிக் காட்டு, பாப்போம்" என்றார். பாவம், அவன் இருமினான். ஆறு மார்க் கிடைத்தது.

பாபநாசம் பக்கத்து விவசாயி ஒருவர் மனைவியை அழைத்து வந்தபோது, அந்தம்மாவுக்கு என்ன கோளாறு என்று விளங்காமல் விழித்தார். அக்கா அவரைத் தனியே நிறுத்தி, "மதகுப் பலகை தேஞ்சு போயி தண்ணி கசியுதா, இல்ல பலகை நல்லாத்தான் இருக்கு, ஆறே துள்ளி வழியுதா? ரெண்டுக்கும் வைத்தியம் வேற வேற. அதத்தான் பாக்கப் போறேன்" என்றார். மனுஷர் முகம் தெளிந்து, "அப்ப நல்லாப் பாத்துருங்கம்மா, பி.டபிள்யூ.டி.காரங்க மாதிரி நாள கடத்தாம" என்றார்.

அக்காவின் திறமையில் யாருக்கும் சந்தேகமில்லை. சந்தேகமெல்லாம் அவர் கையைப் பற்றித்தான். அந்த அறையில் ஒரு ஸ்டூல்மேல் எவர்சில்வர் சொம்பு நிறையத் தண்ணீர் வைத்திருப்பார். ஒரு நாளைக்கு இரண்டு தடவையாவது அதைத் தட்டிவிடுவார். முதலில் "இருமுங்க!" என்று சத்தம், அடுத்து "டங்!", அதற்கடுத்து "ஐயையோ, என் கை!" இந்த வரிசை மாறவே மாறாது. டங் கேட்டதும் துடைக்கிற சகாயமேரி மாப்பைத் தூக்கிக்கொண்டு திட்டியபடியே போவாள்.

"மவராசி மறுபடியும் கவுத்துட்டா! ஏக்கா, ஒன் கையில என்ன வெண்ணெயா தடவியிருக்கு?"

"வயசாவுதுல்ல மேரி" என்பார் அக்கா. அவருக்கு அப்போது நாற்பத்தெட்டு.

சோதனை முடிந்து வெளியே வருகிற பெண்களும் என் கவுண்டருக்கு வந்து அவரைத்தான் திட்டுவார்கள். "நல்ல ஆளைப் போட்டீங்க! என் பாவாடையெல்லாம் நனைச்சுட்டாங்க" என்று சிரிப்பும் எரிச்சலுமாகச் சொல்லிவிட்டுப் போவார்கள். நானும் கவிழாத கனமான பிளாஸ்டிக் ஜக் ஒன்று வாங்கித் தந்து பார்த்தேன். அதில் அவர் மணி பிளாண்ட் வைத்தார்.

ஒருநாள் சொம்புத் தண்ணீர் ஓடிப்போய் மிஷின் வயரைத் தொட்டது. பட்டென்று திரை அணைந்து, கட்டடத்தின் பாதி இருட்டாகிவிட்டது. யாருக்கும் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் மேனேஜர் குதித்த குதியில் எனக்கே பயம் வந்தது. "இந்த அறைக்குள் தண்ணீர்ப் பாத்திரம் எதுவும் வைக்கக் கூடாது" என்று நோட்டீஸ் அடிக்கச் சொன்னார். நான் சும்மா அடித்துக் கொடுத்திருக்கலாம். என் வாய்க்கொழுப்பு கைக்கும் இறங்கி, "ஊழியரின் கவனக்குறைவு இனி பொறுத்துக்கொள்ளப்பட மாட்டாது" என்று ஒரு வரியைச் சேர்த்து, பெரிய எழுத்தில் அடித்து, நானே சுவரில் ஒட்டினேன். அக்கா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு நிதானமாகப் படித்தார்.

"எழுத்து நல்லா தெரியுது பத்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு, சொம்பைக் கைப்பையில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மறுநாள் ஸ்டூல் காலியாக இருந்தது.

இதுவரை அக்காவைப் பற்றிச் சொன்னேன். இனி என்னைப் பற்றியும் சொல்ல வேண்டும். அந்த அறைக்கு எதிரே உட்கார்ந்து நூற்றுக்கணக்கான பெண்களுக்கு டோக்கன் போட்ட எனக்கும் ஐந்து வருஷமாக அதே கோளாறு. ஒருவரிடமும் மூச்சு விட்டதில்லை. கறுப்புப் புடவையாகவே கட்டினேன். தண்ணீர் குடிப்பதைக் குறைத்தேன். தும்மல், இருமல், சிரிப்பு எது வந்தாலும் காலை இறுக்கிப் பாதியிலேயே நிறுத்தப் பழகினேன். தெரிந்தவர் கண்ணில் படக் கூடாதென்று கும்பகோணம் போய் ஒரு டாக்டரிடம் மாத்திரை வாங்கி எட்டு மாதம் விழுங்கினேன். கசிவு குறையவே இல்லை.

மஸ்கட்டில் இருந்த என் மகள் சுகன்யா, முதல் பிரசவத்துக்கு மூன்று மாதம் இருக்கும்போது, "அம்மா, டிக்கெட் போடவா?" என்று கேட்டாள். நாலு மணி நேர விமானத்தில், நடு சீட்டில், இரு பக்கமும் அந்நியர்களோடு உட்கார்ந்திருக்க நான் துணியவில்லை. பிளேன் என்றால் பயம் என்றேன். லீவு கிடைக்காது என்றேன். மூன்றாவது தடவை அவள், "சரிம்மா, உனக்கு வர விருப்பமில்லன்னு நெனச்சுக்கிறேன்" என்று போனை வைத்துவிட்டாள்.

மறுநாள் அக்காவிடம் மெல்ல ஆரம்பித்தேன். "அக்கா, என் தங்கச்சிக்கு இந்த மாதிரி கோளாறு..."

"உன் தங்கச்சியும் எப்பப் பாத்தாலும் கறுப்புப் புடவதான் கட்டுறாளா?" என்று கேட்டுவிட்டு அக்கா என் கையைப் பிடித்தார். "சனிக்கிழம ஓ.பி. முடிஞ்சதும் வா."

சனிக்கிழமை எங்கள் டாக்டர் தெளிவாகச் சொல்லிவிட்டார். இருமும்போதுதான் கசிகிறது என்று சோதனையில் தெரிந்தால் சின்ன ஆபரேஷன் போதும், பிரசவத்துக்கு முன்னால் நான் பறந்துவிடலாம். தெரியாவிட்டால் மாத்திரையையே தொடர வேண்டியதுதான். அன்றே மூன்று மணிக்கு அவர் வெளியூர் கிளம்புகிறார், திரும்பப் பத்து நாளாகும். அதற்குள் சார்ட் அவர் மேஜைக்கு வர வேண்டும்.

இரண்டு மணிக்கு, இரண்டு குழாய்களோடும் இடுப்பில் ஒரு துணியோடும் நான் அந்த அறையில் இருந்தேன். பம்ப் ஓடுகிற சத்தம் தவிர வேறு சத்தமில்லை. தண்ணீர் ஏற ஏற அடிவயிறு கனத்தது. எதிர்ச்சுவரில் நான் ஒட்டிய நோட்டீஸ் என்னையே பார்த்தது.

"இருமு பத்மா."

"க்கும்."

அக்கா திரையைப் பார்த்தார். கோடு லேசாக அசைந்து படுத்துக்கொண்டது. "இது டோக்கன் நம்பர் கூப்பிடறதுக்கு முன்னால விடுற இருமல். இதுக்கு சைபர் மார்க்கு. எழுந்து நின்னு இருமு."

எழுந்து நின்றேன். பழகிப்போன கால்கள் தாமாகவே ஒட்டிக்கொண்டன. இருமினேன். கோடு கொஞ்சம் எழுந்தது. ஒரு சொட்டுக்கூட வரவில்லை. மணி இரண்டே கால், இரண்டரை. எத்தனையோ இடங்களில் வரக் கூடாத நேரத்தில் வந்து என் மானத்தை வாங்கியது, வர வேண்டிய இடத்தில் வரமாட்டேன் என்றது.

"கால அகட்டி நில்லு. ஏன் இறுக்குற?"

"முடியலக்கா. தரை நனைஞ்சிடும்."

"நனையட்டும்."

"மேரி வந்து பாப்பா. நாளைக்கு எல்லாருக்கும் தெரிஞ்சிடும். நான் இங்கதானே உக்காரணும்?"

"இங்க ஒழுகினாத்தான் பாஸ், பத்மா. ஒழுகாட்டி ஃபெயிலு. டாக்டர் கெளம்ப இன்னும் அர மணி நேரம்தான் இருக்கு."

"அப்ப விட்டுடுங்கக்கா. மாத்திரையே சாப்பிட்டுக்கறேன்."

அக்காவுக்கு அப்படி ஒரு கோபம் வந்து நான் பார்த்ததே இல்லை. "சரி, கழட்டிடறேன். புள்ள அங்க வலியில அம்மான்னு கத்தட்டும். நீ இங்க ஒக்காந்து டோக்கன் போட்டுட்டு இரு!"

எனக்குச் சுரீரென்றது. "என் பொண்ணப் பத்திப் பேசாதீங்க!" என்று கத்தினேன். கத்தியது அழுகையாகி, அழுகை தொண்டையில் அடைத்து, ஐந்து வருஷமாக நான் பிடித்து வைத்திருந்த இருமல் அத்தனையும் ஒன்றாகக் கிளம்பியது. ஒரு கையால் சுவரைப் பிடித்துக்கொண்டு இருமினேன். கால் இரண்டும் எப்போது விலகின என்று தெரியாது. வெதுவெதுப்பாக இறங்கித் தரையில் பரவியது.

"வந்துருச்சு! பத்துக்குப் பத்து!" அக்கா பட்டனைத் தட்டினார். திரையில் கோடுகள் குத்திட்டு நின்றன. பிரிண்டர் கறகறவென்று ஓட ஆரம்பித்தது. நான் குனிந்த தலையை நிமிர்த்தவில்லை. வெளியே மாப் வாளி உருளும் சத்தம் கேட்டது. நான் கத்தியதைக் கேட்டு மேரி வந்துகொண்டிருந்தாள்.

அக்காவின் கை பழக்கத்தில் ஸ்டூல் பக்கம் போனது. ஸ்டூல் காலி. ஒரே ஒரு கணம் நோட்டீஸைப் பார்த்தார். பிறகு கைப்பையிலிருந்து தன் நீலத் தண்ணீர் பாட்டிலை எடுத்து, மூடியைத் திருகி, மிஷின் பக்கம் போகாமல் பார்த்து என் காலடியிலிருந்து கதவு வரை நீளமாக ஊற்றினார். மிச்சத்தைத் தன் புடவையிலேயே கொட்டிக்கொண்டார். அப்புறம் ஏதோ குறைகிறதே என்று யோசித்து, மேஜைமேல் இருந்த ஸ்டீல் டிரேயைத் தட்டிவிட்டார்.

டங்!

"ஐயையோ, என் கை!"

மேரி உள்ளே வந்து தரையைப் பார்த்தாள். "சொம்பப் புடுங்குனா பாட்டிலா? இனிமே ஒங் கைக்கு வெலங்குதான்க்கா மாட்டணும்!" என்று திட்டிக்கொண்டே துடைத்தாள். என் பக்கம் திரும்பக்கூட இல்லை.

அந்த ஈரத்தில் நின்றுகொண்டு, நான் கேட்ட டங்குகளையெல்லாம் ஒவ்வொன்றாக நினைத்துப் பார்த்தேன். இத்தனை வருஷத்தில் அந்த அறையிலிருந்து ஒரு பெண்ணும் தலைகுனிந்து வந்து நான் பார்த்ததில்லை. எல்லாரும் அக்காவைத் திட்டிக்கொண்டுதான் வந்தார்கள். கவனக்குறைவு என்று எழுதிய கையை வெட்டிப் போடலாம் போல வெட்கமாக இருந்தது.

மேரி போனதும் கேட்டேன். "அக்கா, அத்தனையும் வேணும்னே தட்டினதா?"

"எனக்குக் கை நடுக்கம்னு ஊருக்கே தெரியும். நீதானே நோட்டீஸ் ஒட்டுன?" என்றவர், சார்ட்டை எடுத்துக்கொண்டு ஈரப் புடவையோடு மாடிக்கு ஓடினார். மணி இரண்டு ஐம்பது.

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. மஸ்கட் விமானத்தில் எனக்கு நடு சீட்டுத்தான். வேண்டுமென்றே ஒரு லிட்டர் தண்ணீர் குடித்தேன். ஏ.சி. காற்றில் தும்மல் வந்தபோது அதைத் தடுக்காமல் முழுசாக விட்டேன். பக்கத்து சீட்டுக்காரர் துள்ளிவிட்டார். பிரசவ அறை வாசலில் சுகன்யாவின் கையைப் பிடித்துக்கொண்டு நான் நின்றேன். அதைவிட எனக்கு வேறென்ன வேண்டும்?

திரும்பி வந்ததும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிட்டு மிஷின் வயர்களைச் சுவரில் உயரத்தில் அடிக்க வைத்தேன். நோட்டீஸ் எங்கே என்று மேனேஜர் கேட்டார். ஃபேன் காற்றில் பறந்துவிட்டது சார் என்றேன். அன்று சாயந்திரம் கீழ ராஜ வீதியில் ஒரு பாத்திரக் கடைக்குப் போய் அலமாரியில் இருந்த சொம்பையெல்லாம் இறக்கி வைக்கச் சொல்லி, ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்து ஒன்றை எடுத்தேன்.

"பேரு என்னங்க வெட்டணும்?" என்றார் கடைக்காரர்.

"அக்கான்னு மட்டும் வெட்டுங்க."

எழுத்து வெட்டக் கீழே வைத்தவர் நெற்றியைச் சுருக்கினார். "அம்மா, இதுல அடி ரொம்பக் குறுகல். லேசா விரல் பட்டாலே சாஞ்சிரும். வேற எடுத்துத் தரட்டுங்களா?"

"வேணாங்க" என்றேன். "இருக்கறதுலயே சீக்கிரம் கவிழுறது எதுன்னு பாக்கத்தான் அரை மணி நேரமாச்சு."