பொன்னுரங்கத்தின் ஏழாவது கட்டம்

ஒரு காட்டில் ஒரு லாரி ஷெட் இருந்தது. காட்டுக்கு எதற்கு லாரி என்று கேட்பவர்கள், யானைகள் சங்கம் வைத்து ‘இனி மரம் தூக்க மாட்டோம்’ என்று சொன்ன செய்தியைக் கேள்விப்படாதவர்கள்.

அந்த ஷெட்டில் பொன்னுரங்கம் என்கிற கழுதை பதினோரு வருஷமாகச் சின்ன வண்டி ஓட்டி வந்தது. காய்கறியும் தண்ணீர் கேனும் ஏற்றிக்கொண்டு காட்டு எல்லைக்குள்ளேயே சுற்றுகிற வண்டி. அதில் ஒரு கீறல் விழுந்ததில்லை. நத்தை குறுக்கே வந்தால்கூட இஞ்சினை அணைத்துவிட்டுக் காத்திருக்கும். அதற்கு இருந்தது ஒரே ஆசை, பெரிய லாரி ஓட்ட வேண்டும். பந்தாவுக்கு அல்ல. அதன் பெண்டாட்டியும் குட்டியும் மலைக்கு அந்தப் பக்கம் இருந்தார்கள். பெரிய லாரிதான் அங்கே போகும். குட்டியைப் பிறந்தபோது பார்த்ததோடு சரி. இப்போது உதைக்கவே கற்றுக்கொண்டுவிட்டதாம்.

பெரிய லாரியில் ஓர் இடம் காலியானது. பொன்னுரங்கம் மனுவோடு மேனேஜர் கரடியிடம் ஓடியது. கரடியின் பெயர் தெய்வசிகாமணி. காகிதத்தைத் தவிர வேறெதையும் நகர்த்திப் பழகாதவர்.

“ஏனப்பா, ஏழாவது கட்டத்துல ஒண்ணுமே எழுதலையே?”

அந்தக் கட்டத்தில், ‘இதுவரை சந்தித்த விபத்துகள், அவற்றால் பெற்ற அனுபவம்’ என்று அச்சடித்திருந்தது.

“விபத்தே ஆனதில்லீங்க.”

“அப்ப அனுபவமே இல்லைன்னு சொல்லு.”

“பதினோரு வருஷமா ஓட்டறனுங்க!”

“கட்டம் காலியா இருந்தா மேல அனுப்ப முடியாதப்பா. வீராச்சாமியைப் பாரு, தனித்தாளே இணைச்சிருக்கான்.”

வீராச்சாமி என்கிற காட்டுப்பன்றி இணைத்த தாளில் ஒன்பது மரம், இரண்டு பாலம், மேனேஜர் வீட்டு மதில்சுவர் எல்லாம் வரிசையாக இருந்தன. லாரி பன்றிக்கே போயிற்று. மூன்றாம் நாள் முதல் வளைவிலேயே பள்ளத்தில் கிடந்தது. பன்றிக்கு ஒன்றும் ஆகவில்லை. அனுபவம் கூடிவிட்டது என்று அதை ஓட்டுநர் பயிற்சி அதிகாரி ஆக்கினார்கள். லாரியைத் தூக்கித் தட்டிச் சரிசெய்தார்கள். இடம் மறுபடி காலி.

பொன்னுரங்கம் ஏழாவது கட்டத்தை இன்னொரு தடவை படித்துப் பார்த்தது. சின்ன வண்டியை எடுத்துக்கொண்டு ஒரு புளியமரத்தைப் பார்த்துக் கிளம்பியது. மூன்று தடவை கால் தானாகவே பிரேக்கை மிதித்தது. நாலாம் தடவை குட்டியை நினைத்துக் கண்ணை மூடிக்கொண்டது. டமார்! பம்பர் நெளிந்தது. கழுதை இறங்கி, மரத்திடம் மன்னிப்புக் கேட்டுவிட்டு விம்மி விம்மி அழுதது.

ஏழாவது கட்டத்தைப் படித்த கரடி எழுந்து நின்று கை குலுக்கினார்.

பூசை போட்டு, லாரிச் சக்கரங்களுக்கு அடியில் எலுமிச்சம்பழம் வைத்தார்கள். பழக்கதோஷத்தில் பொன்னுரங்கம் இறங்கி, எல்லாப் பழத்தையும் பொறுக்கி ஓரமாக வைத்துவிட்டு வண்டியை எடுத்தது. அன்று சாயங்காலம் மலைக்கு அந்தப் பக்கத்தில், குட்டி அதை யாரோ என்று நினைத்து ஓர் உதை விட்டது. பொன்னுரங்கத்துக்குச் சந்தோஷம் தாங்கவில்லை.

மூன்று மாதம் கழித்துக் கரடி கூப்பிட்டார்.

“லாரியில ஏறினதிலிருந்து உன் கட்டம் காலியாவே இருக்குதே. அனுபவத்தைப் புதுப்பிக்கலைன்னா பழையபடி சின்ன வண்டிதான்.”

அன்றிலிருந்து மூன்று மாதத்துக்கு ஒருமுறை, மலைக்குக் கிளம்பும் முன் பொன்னுரங்கம் அந்தப் புளியமரத்துக்கு எதிரே லாரியை நிறுத்தும். இறங்கி, மரத்தைச் சுற்றிப் பழைய சாக்கைக் கட்டும். மேலே இருக்கிற அணிலுக்குக் குரல் கொடுக்கும். பிறகு ஏறி, முதல் கியரில் மெல்ல வந்து ஒரு முட்டு முட்டும். சாக்கை அவிழ்த்து மடித்து வைத்துக்கொண்டு மலை ஏறும். அங்கே குட்டி காத்திருக்கும் அல்லவா?

நீதி: ஒழுங்காக ஓட்டத் தெரிந்தால் மட்டும் போதாது, பிள்ளை முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் ஒழுங்காக மோதவும் தெரிந்திருக்க வேண்டும்.