கண்ணிமை மறுவும் நல்லுசாமி மீசையும்

உடையார்பாளையம் நல்லுசாமி வீட்டுப் பிள்ளைக்கு அஞ்சு மாசமாகியும் பேர் கிடையாது. அவருக்குத் தன் அப்பா பேர் காசிநாதன்தான் வேண்டும். பெண்டாட்டி ரத்தினம்மாளுக்குத் தன் அப்பா பேர் அய்யம்பெருமாள்தான் வேண்டும். பாவம் அந்தப் பிள்ளை, 'தம்பி' என்றாலும் சிரித்தது, 'ஏய்' என்றாலும் சிரித்தது.

ரத்தினம்மாளின் அம்மா வீட்டில், ஜெயங்கொண்டத்தில் பிறந்தபோதே பிள்ளைக்கு வலது கண்ணிமையில் சிவப்பாக ஒரு மறு. அழுதால் இன்னும் சிவக்கும்.

"மாசமா இருக்கறப்ப, கிரகணத்தன்னிக்கு நீ கண்ணைக் கசக்கியிருப்பே! அதான்!" என்று பாய்வார் நல்லுசாமி.

"நான் கதவைச் சாத்திக்கிட்டுப் படுத்திருந்தேன். வாசல்ல நின்னு கிரகணம் பாத்தது நீங்க!"

"வயித்துல சுமந்தது நானா, நீயா?"

"பயப்படாதீங்க, ஒண்ணும் ஆவாது."

"ஒனக்கென்னடி தெரியும்?"

வாய்தான் அப்படி. பிள்ளைக்குப் பார்வை போய்விடுமோ என்று உள்ளுக்குள் மனுஷருக்கு ஒரே நடுக்கம். கடைசியில், பெட்ரோல் பஞ்சத்தில் கரி போட்டு ஓட்டிய பஸ்ஸைப் பிடித்து மூவரும் ஜெயங்கொண்டம் போனார்கள். பெண்டாட்டியை மரத்தடியில் உட்காரவைத்துவிட்டு, பிள்ளையோடு தான் மட்டும் டாக்டரைப் பார்த்தார்.

"பிறவி மறுங்க. பார்வைக்குப் பயமில்லை. ஒரு வயசுக்குள்ள தானா மறைஞ்சுடும், மருந்தே வேண்டாம்" என்றார் டாக்டர்.

நல்லுசாமி வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. வாசலைத் தாண்டுவதற்குள் ஒரு குயுக்தியும் வந்துவிட்டது. முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு வந்து பெண்டாட்டியோடு பஸ் ஏறினார்.

"டாக்டரு கையை விரிச்சுட்டாரு, ரத்தினம்."

"ஐயையோ!"

"கல்லங்குறிச்சிப் பெருமாள்தான் கதி. ஒரு வயசுக்குள்ள மறு மறைஞ்சா, அவரு சன்னிதியிலேயே பேரு வைப்போம். பேரு என் இஷ்டம். என்ன சொல்றே?"

ரத்தினம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். "சரிங்க. வேண்டுதல்னா சாமிக்கு நீங்க என்ன குடுப்பீங்க?"

"மொட்டை போட்டுக்கிறேன்." தலையில் இருந்ததே நாலு முடி. அவருக்கு என்ன நஷ்டம்?

"மீசையும் சேத்துதானே?"

நல்லுசாமிக்குத் தூக்கிவாரிப்போட்டது. தினம் அரைமணி நேரம் எண்ணெய் தடவி முறுக்கிவிடுகிற மீசை ஐயா அது!

"பிள்ளை கண்ணைவிட மீசை பெரிசாங்க?" என்று அவள் சத்தமாகவே கேட்டாள். பஸ்ஸே திரும்பிப் பார்த்தது.

"சரி, சரி. மீசையும்தான்."

பத்தாம் மாசம் மறு போன இடம் தெரியவில்லை. கல்லங்குறிச்சிக்கு ரெண்டு பக்கத்துச் சொந்தமும் திரண்டு வந்தது. தலைமுடியும் மீசையும் ஒன்றாகப் போயின. வழவழவென்று சன்னிதியில் வந்து நின்று நல்லுசாமி தொண்டையைச் செருமினார்.

"பேரு வந்து, காசிநாத..."

"என்னங்க இது! கண்ணைக் குடுத்தது பெருமாள். அவரு சன்னிதியிலேயே நின்னுக்கிட்டு சிவன் பேரையா வைப்பீங்க?"

"பேரு என் இஷ்டம்னு பேச்சு!"

"தாராளமா வைங்க. அந்த மறு திரும்பி வந்தா நீங்கதான் பொறுப்பு."

பட்டர் தலையை ஆட்டினார். சொந்தக்காரர்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டார்கள். 'அட, அது தானா மறையிற மறு!' என்று தொண்டை வரை வந்தது அவருக்கு. சொன்னால், பஸ்ஸில் சொன்னது பொய் என்று ஆகிவிடுமே. விழுங்கிக்கொண்டார். பிள்ளை காதில் மூன்று தரம் அய்யம்பெருமாள் என்று சொன்னதும் அவரேதான்.

திரும்பும் வழியில் இல்லாத மீசையைத் தடவிக்கொண்டு வந்தார் நல்லுசாமி. பிள்ளையை மடியில் மாற்றிப் போட்டுக்கொண்டே ரத்தினம்மாள் சொன்னாள்:

"பொறந்த மாசமே எங்கம்மாவும் நானும் அந்த டாக்டருகிட்டதான் காட்டினோம். தானா மறைய ஒரு வயசாவும்னாரு. பாத்தீங்களா, உங்க மீசைக்கு மனசெறங்கி, பெருமாள் பத்தே மாசத்துல முடிச்சுட்டாரு!"