சண்டை இல்லாத குழு

ஓலைத்தொடுவாய் என்ற மீன்பிடி ஊரின் வட்சப் குழுவில் ஜெயரூபனும் றொஷானும் ஒரு கிழிந்த வலைக்காக ஒருவர் பரம்பரையை மற்றவர் தோண்டிக்கொண்டிருந்தார்கள். குழுவின் அட்மின் டொமினிக், "சமாதானமாக இருங்கோ" என்று ஒரு வரி போட்டுவிட்டு, அதை யார் யார் வாசித்தார்கள் என்று பார்த்தார். வாசித்தவர்களில் முள்ளிக்குளம் அருளம்மாவும் இருந்தார்.

மீன் விலை பார்க்கவென்று எப்போதோ குழுவில் சேர்ந்த அந்த அருளம்மாதான், தன் மகனுக்கு டொமினிக்கின் மகள் சுவேதினியைக் கேட்டு ஆள் அனுப்பியிருந்தார். வருகிற ஞாயிறு பூசை முடிய நேரில் வந்து முடிவு சொல்வதாகப் பேச்சு. பெடியனைச் சுவேதினிக்கும் பிடித்துவிட்டது. பாட்டுப் பாடிக்கொண்டு மீன் வெட்டுகிறாள்.

"இப்பிடி நாறுற ஊரில ஆர் பொம்பிளை எடுப்பினம்?" என்று மனைவியிடம் புலம்பினார்.

"போனை வைச்சிட்டுச் சாப்பிடுங்கோ," என்றாள் எடித். "நீங்கள் பாக்காட்டி நாறாது."

நல்ல யோசனைதான். அதனால் அவர் கேட்கவில்லை. சமூக ஊடகத்தை நலமாகப் பாவிப்பது பற்றி மன்னார் ரவுனில் நடந்த கருத்தரங்குக்குப் போய், ஒரு தொப்பியும் கொஞ்சம் அறிவும் கொண்டுவந்தவர் அவர். தொப்பி சின்னதாகப் போய்விட்டது. அறிவையாவது பாவிப்போம் என்று சட்டம் போட்டார்: இனிமேல் குழுவில் குறை சொல்லக்கூடாது. ஆளுக்கு ஒருவரைப் பற்றித் தினமும் ஒரு நல்ல வார்த்தை எழுதவேண்டும்.

ஜெயரூபன் பல்லைக் கடித்துக்கொண்டு, இந்தக் கரையிலேயே றொஷானின் புது எஞ்சின்தான் திறம் என்று எழுதினான். மறுநாள் விடிய அந்த எஞ்சின் உயிர் பெறவில்லை. புகழ்ந்த வாயால் நாவூறு பட்டுவிட்டது என்று ஊரே சொன்னது. ஞாயிறு தவறாமல் பூசை காண்கிற ஊர்தான். ஆனாலும் நாவூறு வேறு சங்கதி.

பழிக்குப் பழியாக றொஷான், ஜெயரூபனின் பிள்ளை என்ன வடிவு, என்ன கொழுகொழுப்பு என்று மனதாரப் புகழ்ந்தான். பின்னேரம் பிள்ளைக்குக் காய்ச்சல். ஜெயரூபனின் மனைவி நிறஞ்சலா நாவூறு கழிக்கச் செத்தல் மிளகாயைப் பிள்ளையின் தலையைச் சுற்றி நெருப்பில் போட, அக்கம்பக்கம் முழுவதும் இருமியது.

டொமினிக்குத் தலை சுற்றியது. கெட்டது சொன்னால் சண்டை வரும், சரி. நல்லது சொல்லியும் வருகிறதே, இது என்ன கோதாரி? பொருளையும் பிள்ளையையும் விட்டுவிட்டுக் குணத்தை மட்டும் புகழுங்கள் என்று சட்டத்தைத் திருத்தினார். முன்மாதிரியாக, நிறஞ்சலாவின் பொறுமை யாருக்கும் வராது என்று தானே எழுதினார்.

கொஞ்ச நேரத்தில் ஜெயரூபன் படலையில் நின்றான்.

"என்ர மனுசி பொறுக்கிற அளவுக்கு நான் என்ன செய்தனான்? அதையும் குறூப்பில போடுங்கோவன், அண்ணை."

அவனை ஒருவாறு அனுப்பிவிட்டு உள்ளே திரும்பினால், எடித் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். அவளுடைய பொறுமையைப் பற்றி இத்தனை வருடத்தில் ஒரு சொல் உண்டா என்பது அவள் கேள்வி. அன்று மத்தியானம் டொமினிக் பாணும் சம்பலும் சாப்பிட்டார். சம்பலை அவரே இடித்தார்.

கடைசியில், வம்பே வேண்டாம் என்று ஒரே வசனத்தை எல்லோருக்கும் பொதுவாக்கினார்: 'நீங்கள் மிகவும் நல்லவர்.' யாரும் யாருக்கும் அதை மட்டும் அனுப்பலாம். சனிக்கிழமை வரைக்கும் குழு முழுவதும் நல்லவர்கள். மீன் விலை என்னவென்று ஒருவருக்கும் தெரியவில்லை. கடற்கரையில் ஆளை ஆள் கண்டாலும் என்ன கதைப்பது என்று புரியாமல் விலகிப் போனார்கள். ஆனால் சண்டை இல்லை. டொமினிக் நிம்மதியாகக் குறட்டை விட்டார்.

ஞாயிறு அருளம்மா வந்தார், மகன் இல்லாமல். கதிரையின் நுனியில் இருந்தார். தேத்தண்ணியைத் தொடவில்லை. இந்தச் சம்பந்தம் சரிவராது, குறை நினைக்கவேண்டாம் என்று மெதுவாகச் சொன்னார். திரைச்சீலைக்குப் பின்னால் சுவேதினி விம்முவது கேட்டது. டொமினிக் போனை எடுத்து நீட்டினார்.

"ஏனம்மா? எங்கட குறூப்பில இப்ப ஒரு சண்டையும் இல்லை. பாத்தனீங்கள்தானே?"

"ஓம், பாத்தனான். அதுதான் பயமாக் கிடக்கு," என்றார் அருளம்மா. "திட்டி முடிச்ச கையோட 'விடிய எத்தினை மணிக்குக் கடலுக்குப் போவம்' எண்டு கேக்கிற சனமெண்டுதான் தம்பி, உங்களிட்டப் பொம்பிளை கேட்டனாங்கள். பழையபடி சண்டை பிடிக்கத் தொடங்கினாச் சொல்லியனுப்புங்கோ, மாப்பிளையோட வாறன்."