அக்னஸ் கடை போர்டுக்கு ஒரு கமா

என் மனைவியைக் கடை வைக்க விடுவதில்லை என்று தீர்மானித்தேன். அதற்கு வெள்ளைக்காரனையே துணைக்குக் கூப்பிட்டேன்.

ஹார்பரில் எனக்கு ராத்திரி வாட்ச்மேன் வேலை. காலையில் வந்து படுத்தால் உச்சிக்குத்தான் எழும்புவேன். எழும்பும்போது சுடச்சுடச் சோறும் மீன்குழம்பும் இருக்க வேண்டும். இந்த வாழ்க்கையில் எனக்கென்று இருக்கிற ஒரே சூடு அதுதான். அக்னஸ் மெயின்ரோட்டில் தையல்கடை போட்டுவிட்டால் சோறு யார் பொங்குவது? அவளோ கிறிஸ்துமஸ் துணி வருமுன் திறந்துவிடத் துடித்தாள். கடை பிடித்தாயிற்று. போர்டுக்குப் பச்சைப் பெயிண்டும் அடித்தாயிற்று. எழுத்து மட்டும் பாக்கி. அங்கேதான் பிடித்தேன்.

"ஏளா, இங்கிலீஷ்ல 'அக்னஸுடைய கடை'ன்னு எழுதணும்னா பேருக்குத் தலைமேல ஒரு கமா வைக்கணும். அப்பாஸ்ட்ரபி."

"பன்னிரண்டு அப்போஸ்தலர்ல அப்படி ஒருத்தர் இல்லியே?"

"சிரிக்காத. உன் பேரு எஸ்ஸுல முடியுது. கமாவுக்குப் பொறகு இன்னொரு எஸ் வேணும்கான் ஒருத்தன், வேண்டாம்கான் ஒருத்தன். லேடீஸ் டெய்லர்னா அதுக்குத் தனிக் கமா. இது தீராம போர்டு கூடாது. போர்டு இல்லாமக் கடை கூடாது."

"வெள்ளைக்காரன்தான் கப்பலேறிப் போயிட்டானே, இங்கன யாரு பாக்கப்போறா?"

"ஹார்பருக்கு வாரவன் பாப்பான். பாத்தாச் சிரிப்பான்."

உள்ளபடி சொன்னால், அந்த பாஷைமேல் எனக்கே இளக்காரம். பழைய இலக்கணப் புத்தகத்தோடு எத்தனையோ ராத்திரி மல்லுக்கட்டியிருக்கிறேன். எழுத்தை விழுங்குவான், விழுங்கிய இடத்தில் கல்லறைச் சிலுவைபோல ஒரு கமாவை நடுவான். 'வில்'லையும் 'நாட்'டையும் சேர்த்து 'வோண்ட்' என்பான்; 'வில்'லில் இருந்த எல் இரண்டும் எங்கே போயிற்று என்றால் பதில் கிடையாது. கண்டவனுக்கெல்லாம் சொந்தம் கொண்டாட ஒரு கமா உண்டு. 'இட்' மட்டும் எதையாவது தன்னுடையது என்றால் கிடையாது. பாவம், அநாதை. இவன்தான் உலகத்தை ஆண்டானாம்!

பெயிண்டர் பொன்னுதுரை பிரஷோடு வாசலில் நின்றான். "அண்ணாச்சி, கமா எங்கன?"

"யோசிக்கணும். பொறகு வாலே."

அக்னஸ் முகம் வாடவேயில்லை. "நீங்க படிச்சவிய. நிதானமா யோசிங்க. அதுவரைக்கும் வீட்லயே தைக்கேன்" என்றாள்.

ஜெயித்தேன் என்று படுத்தேன்.

எங்கள் வீடு ஒற்றை அறை. தையல் மிஷின் என் கட்டிலின் தலைமாட்டுக்கு வந்தது. காதுக்குள் கூட்ஸ் வண்டி ஓடியது. அளவு கொடுக்க வந்த பெண்கள் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார்கள். ஒருத்தி என்னைத் தலையணை மூட்டை என்று நினைத்து, என்மேலேயே சீட்டித் துணியை விரித்துப் பூவுக்குப் பூ பொருத்திப் பார்த்தாள்.

"மெதுவாப் பேசுங்களா" என்று அக்னஸ் அவர்களை அதட்டினாள். "அவிய கமாவை யோசிக்காவ."

ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. கேட்டருகே நின்றபடியே தூங்கி, ஒரு லாரியைச் சீட்டுக்கூடப் பார்க்காமல் வணக்கம் சொல்லி அனுப்பிவிட்டேன். வேலை போகாதது மாதா புண்ணியம். காலையில் வீட்டுக்கு வரும்போதே பொன்னுதுரையைக் கையோடு இழுத்து வந்தேன்.

"கமா எங்கன அண்ணாச்சி?"

"உனக்கு எங்கன தோணுதோ அங்கன வைலே!"

பிறகு அக்னஸிடம் மெல்ல இழுத்தேன். "அப்போ... மத்தியானச் சோறு?"

"அரிசி பானையில இருக்கு. எனக்கும் சேத்துப் பொங்கிக் கடைக்குக் கொண்டாந்துருங்க."

வெளியே மழை பிடித்துக்கொண்டது. மிஷினைத் தள்ளுவண்டியில் ஏற்றி நானே தள்ளினேன். பத்தடி போவதற்குள் அக்னஸ் குடையோடு ஓடிவந்து பிடித்தாள்.

மிஷினுக்கு.