ஐம்பத்து நான்கு கிலோ பட்டதாரி

சேர்வராயன் மலைக்குத் துரைமார்களும் மந்திரிமார்களும் சினிமாக்காரர்களும் வந்து போயிருக்கிறார்கள். அத்தனை பேரிலும் அந்த மலையை உண்மையில் ஆண்டவர் ஒருவரே என்பது என் தீர்மானமான கருத்து. அவர் ஒரு பஸ் கண்டக்டர்.

பட்டப்பெயரால் பிறரைச் சுட்டுவது என் வழக்கமன்று. தலைமையாசிரியராக ஓய்வு பெற்ற ஒருவன் அதைச் செய்யலாகாது. ஆயினும் இவர் விஷயத்தில் வேறு வழியில்லை. சேலத்திலிருந்து ஏற்காடு வழியாகக் கரடியூர் வரை ஓடிய அந்தத் தனியார் பஸ்ஸின் கண்டக்டரை ஊரார் 'தராசு' என்றே அழைத்தனர். அவருடைய இயற்பெயரை அறிந்தவர் எவரையும் நான் சந்தித்ததில்லை.

மலைப்பாதையில் விபத்து ஏன் நேர்கிறது என்று கேட்டால் சிலர் வேகம் என்பார்கள். சிலர் பிரேக் என்பார்கள். தராசு இரண்டையும் ஏற்கமாட்டார். ஆட்களை ஏற்றிய முறை சரியில்லை என்பதே அவர் தீர்ப்பு. அவருடைய தகப்பனார் செம்மநத்தம் பக்கத்துத் தோட்டங்களிலிருந்து காப்பிக்கொட்டையைப் பொதிக்கழுதைகளில் இறக்கியவர். இருபுறமும் மூட்டை சமமாக இல்லாவிட்டால் வளைவில் கழுதை கவிழ்ந்துவிடும். மகன் அந்த ஞானத்தை அப்படியே பஸ்ஸுக்கு மாற்றிக்கொண்டார். அடிவாரத்தில் பஸ்ஸை நிறுத்தி, பயணிகளை ஒருவர் விடாமல் தலை முதல் கால்வரை நோக்கி, கண்ணாலேயே எடைபோட்டு, நீங்கள் இடது, நீங்கள் வலது என்று பிரித்து அமர்த்துவார். அதன் பிறகுதான் விசில்.

நான் அவரிடம் முதன்முதலில் அகப்பட்டது, மலைமேல் ஒரு பள்ளியில் விஞ்ஞான ஆசிரியராக வேலையேற்கச் சென்ற அன்று. புதுச் சட்டை, கையில் தோல்பை, நெஞ்சு நிறையப் பௌதிகத்தில் முதல் வகுப்பு. இடப்பக்கத்து ஜன்னலோரம் கம்பீரமாக அமர்ந்திருந்தேன். எதிரே வந்து நின்றார். குள்ளமான உருவம், காக்கிச் சட்டை, காதில் பென்சில்.

"அம்பத்தி நாலு. எந்திரிச்சு இந்தப் பக்கம் வாங்க சார்."

"என்ன ஐம்பத்து நாலு?"

"கிலோங்க."

பஸ் முழுவதும் என்னைப் பார்த்தது. என் குரலை ஒரு படி உயர்த்தினேன். "நான் யார் தெரியுமா? பி.எஸ்ஸி. பட்டதாரி."

அவர் மரியாதையாகத் தலையசைத்தார். "அதுக்கு எடை இல்லீங்களே சார். இந்தப் பக்கம் வந்துருங்க."

நான் வலப்பக்கம் போய் அமர்ந்தேன். கவனிக்கவும்: கட்டளைக்குப் பணிந்து அல்ல, வெயில் இடப்பக்கம் அடித்ததால்.

இத்துடன் முடிந்திருந்தால் பொறுத்துக்கொண்டிருப்பேன். வளைவு வரும்போதெல்லாம் அவர் பின்னாலிருந்து, "இடது! எல்லாரும் இடது சாயுங்க!" என்று குரல் கொடுப்பார். நாற்பது பேரும் காற்றடித்த கம்பங்கொல்லை போல இடதுபுறம் சாய்வார்கள். "வலது!" என்றால் வலதுபுறம். கோணிப்பை வியாபாரி சாய்வார். மடியில் கோழி வைத்திருந்த அம்மணி கோழியோடு சாய்வார். மொழி தெரியாத வடநாட்டுச் சுற்றுலாத் தம்பதி, இது இவ்வூரின் வழிபாட்டு முறை போலும் என்றெண்ணி, கைகூப்பியபடி சாய்ந்ததை என் கண்ணால் கண்டேன். நான் ஒருவன் மட்டும் சாயமாட்டேன். இருபது வளைவுகளிலும் அந்த பஸ்ஸில் செங்குத்தாக இருந்தவை இரண்டே: ஒன்று ஜன்னல் கம்பி, மற்றொன்று நான்.

"வாத்தியாரு மட்டும் சாய மாட்டேங்கறாருங்க," என்று யாரோ முறையிட்டார்கள்.

"உடுங்க. அவருக்கும் சேத்து நாம ஒரு விரக்கடை அதிகமாச் சாஞ்சுக்கலாம்," என்றார் தராசு.

பௌதிகம் படித்தவன் இதற்கு மேலும் மௌனம் காப்பது தகாது என்று, ஒருநாள் அடிவாரத்து டீக்கடையில் அவரை அமர்த்தி, மையவிலக்கு விசை, புவியீர்ப்பு மையம் ஆகியவற்றைக் கண்ணாடி டம்ளரைச் சாய்த்துச் சாய்த்து விளக்கினேன். பஸ்ஸின் எடைக்கு முன்னால் ஆட்கள் அரையடி சாய்வது பொருட்டே அல்ல என்று நிறுவினேன். ஒரு டம்ளர் டீ என் வேட்டியில் கொட்டியது தவிர விளக்கத்தில் குறையேதுமில்லை. அவர் வாய்பிளந்து கேட்டார்.

"நொம்ப நல்லாச் சொன்னீங்க சார். ஒரு சந்தேகமுங்க. அந்தப் புவியீர்ப்பு மையம்கறீங்களே, அது நம்ம பஸ்ல எந்த சீட்டுல உக்காந்திருக்குது?"

"அது சீட்டில் உட்காராது. கண்ணுக்குத் தெரியாது."

"அப்ப டிக்கெட்டும் எடுக்காது," என்று எழுந்து விசிலடித்தார்.

ஒருமுறை ஒரு கலியாணக் கோஷ்டி ஏறியது. பெண் வீட்டார் இடப்பக்கம், மாப்பிள்ளை வீட்டார் வலப்பக்கம். பெண் வீட்டார் உண்டு வளர்ந்த குடும்பம். தராசு பார்த்தார், பெண்ணின் தாய்மாமன்கள் இருவரை வலப்பக்கம் போகச் சொன்னார்.

"தாலி கட்டறதுக்கு முன்னாடி நாங்க எதுக்குங்க அவிய பக்கம் போய் உக்காரோணும்?" என்றார் மூத்த மாமன்.

"அப்பச் சீர்ப் பாத்திரத்தையாவது அந்தப் பக்கம் தள்ளி வைங்க."

"அதெப்படி? இன்னும் சீரு வைக்கவே இல்லை, அதுக்குள்ள பித்தளை அண்டா அந்தப் பக்கம் போயிருச்சுன்னா, ஊர் என்ன பேசும்?"

"வாங்கிக்க மாட்டோம்னு நாங்க சொன்னமா?" என்று மாப்பிள்ளையின் சித்தப்பா வலப்பக்கத்திலிருந்து எழுந்தார். பத்து நிமிஷம் பஸ்ஸில் நடந்தது நிச்சயதார்த்தப் பேச்சுவார்த்தையின் மறு அரங்கேற்றம். இறுதியில் அண்டா நடுவழியில் வைக்கப்பட்டது. அதன்மேல் மாப்பிள்ளையையே தூக்கி உட்கார வைத்தார் தராசு. "நீங்க ரெண்டு பக்கத்துக்கும் பொதுங்க," என்றார். மாப்பிள்ளை மலை ஏறி முடியும் வரை அண்டாவின் மேல் ஆடியபடியே வந்தார். அந்தத் தம்பதிக்கு இன்று பேரன் பேத்திகள் இருக்கிறார்கள்.

அவருடைய பெருமதிப்புக்கு உரியவர் சேலத்து வெல்லமண்டி முதலாளி ஒருவர். நூற்றுப்பத்து கிலோ. அவர் வந்தால் தராசு எழுந்து நின்று வழிவிடுவார். அவருக்காக பஸ்ஸைத் தாமதப்படுத்தவும் செய்வார். அந்த முதலாளி சர்க்கரை வியாதி கண்டு, ஆறேழு மாதத்தில் பாதியாக இளைத்துத் திரும்பி வந்தார். தராசு அவரைக் கண்டு கலங்கிப்போனார்.

"ஏனுங்க, ஒரு வார்த்தை முன்னாடியே சொல்லியிருக்கக் கூடாதுங்களா? உங்களை நம்பித்தானே அந்த மூணாவது சீட்டை வச்சிருந்தேன்!"

இவ்வளவும் வேடிக்கைக் கதைகள். இவற்றுக்காக நான் பேனாவை எடுத்திருக்கமாட்டேன்.

என் மனைவிக்கு ஒன்பதாம் மாதம். சேலத்திலுள்ள தாய்வீட்டுக்குப் பிரசவத்துக்கு அழைத்துச் சென்றேன். ஐப்பசி மழை; காலை ஒன்பது மணிக்கும் மூடுபனி விலகவில்லை. வழக்கமான டிரைவருக்குக் காய்ச்சல். மாற்றாக வந்தவர் சமவெளியில் ஓட்டிய இளைஞர், ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறுகையால் தலைவாரும் ரகம். தராசு ஆட்களைப் பிரித்து அமர்த்துவதைக் கண்ணாடியில் பார்த்து, "என்னங்கண்ணா, சந்தையில தக்காளி அடுக்கறீங்களா?" என்று சிரித்தார்.

தராசு அவரைப் பொருட்படுத்தவில்லை. என் மனைவியை ஒரு பார்வை பார்த்தார். "அம்மணி முன் சீட்டுக்கு வரட்டும். அங்கதான் குலுங்காது. வாத்தியாரு கடைசி வரிசைங்க."

"என் மனைவியைத் தனியே விட்டு நான் பின்னால் போவதா?" என்றேன்.

"பின்னாடி ஆள் கம்மிங்க சார். உங்க அம்பத்தி எட்டு அங்க வேணும்." கலியாணத்துக்குப் பின் நான் நான்கு கிலோ கூடியிருந்தேன் என்பதை பஸ் அறிந்துகொண்டது.

என் மனைவி தாழ்ந்த குரலில், "ஏனுங்க, போய் உக்காந்துக்குங்களேன். எல்லாரும் பாக்கறாங்க," என்றாள். அந்தக் கடைசிச் சொல் என்னிடம் எப்போதும் பலிக்கும். போனேன்.

மலையில் ஏறிவரும் வண்டிக்கு இறங்கும் வண்டி நின்று வழிவிட வேண்டும். அந்த இளைஞர் அதை அறியாதவர், அல்லது மதியாதவர். பனிக்குள்ளிருந்து ஒரு லாரி ஹாரன் அடித்தபடி வளைவில் ஏறியது. இவர் நிற்காமல் திருப்பினார். பிறகு ஒரேயடியாக பிரேக்கை மிதித்தார். ஈரச் சருகின்மேல் பஸ் வழுக்கிக்கொண்டே போய், கைப்பிடிச் சுவரை உடைத்து, முன்சக்கரங்கள் இரண்டும் வெளியே போனபின் நின்றது.

முன்கண்ணாடியில் பாதை இல்லை, மரம் இல்லை, வெறும் வெள்ளை. ஏறி இறங்கும் வாசல் முன்பக்கத்தில் இருந்த பஸ் அது. அந்த வாசல் இப்போது பள்ளத்தின்மேல் திறந்திருந்தது. பனியில் அது தெரியவுமில்லை. ஒருவர் எழுந்து ஓடியிருந்தால் அத்தனை பேரும் பின்தொடர்ந்து அந்த வாசல் வழியாகவே போயிருப்பார்கள். முதல் ஆசனத்தில் என் மனைவி. நடுவே முப்பது தலைகள். கடைசியில் நான்.

"ஒருத்தரும் சீட்டை விட்டு எந்திரிக்கக் கூடாது!"

தராசின் குரல். அவர் சொன்னால் சொன்ன இடத்தில் இருப்பது அந்த மலைவாசிகளுக்குப் பல்லாண்டுப் பழக்கம். ஒருவரும் எழவில்லை. யார் மடியிலோ இருந்த கோழிகூட அசையவில்லை. டிரைவர் மட்டும் தம் கதவைத் திறக்கப் போனார்.

"நீயும்தான் தம்பி. நீ எழுபத்திரெண்டு. உக்காரு."

தக்காளிக் கேலி செய்த இளைஞர் உட்கார்ந்தார்.

பின்வரிசையை ஒட்டி ஓர் அவசரக் கதவு உண்டு. ஓட்டத்தில் கடகடக்கிறதென்று அதைக் கயிற்றால் இறுகக் கட்டியிருந்தார்கள். "சார், எந்திரிக்காம அந்தக் கயித்தை அவுருங்க," என்றார் தராசு. அவிழ்த்தேன். எவ்விதம் என்று விவரிக்க விரும்பவில்லை, பற்களும் பயன்பட்டன. லாரிக்காரர்கள் ஓடிவந்து வெளியே கை நீட்டி நின்றார்கள்.

"முதல்ல அம்மணி. அவசரமே இல்லைங்க. கோயில் சுத்தற மாதிரி வாங்க."

அவள் எழுந்தாள். ஒவ்வோர் ஆசனமாகப் பற்றி நடந்து வந்தாள். தரை ஒருமுறை முனகியது. என் கால்கள் என்னையறியாமல் எழுந்தன.

"சார்! உக்காருங்க. நீங்க அங்க கனமா இருக்கறதுதான் இப்ப அவங்களுக்கு நீங்க செய்யற உதவி."

உட்கார்ந்தேன். வாழ்நாளில் அவ்வளவு கனமாக நான் உட்கார்ந்ததில்லை. என்னைக் கடக்கும்போது அவள் என் தோள்மீது கைவைத்து ஒரு கணம் நின்றாள். பிறகு லாரிக்காரர்களின் கைகளில் இறங்கிப் பாதையில் கால் ஊன்றினாள்.

முன்னால் இருந்தவர்கள் ஒவ்வொருவராக, டிரைவர் உட்பட, பின்வழியே வந்து இறங்கினார்கள். பின்வரிசையில் கோணிப்பை வியாபாரியும் நானும் இன்னும் சிலரும் எஞ்சினோம். நாங்கள் இறங்கினால் முன்புறத்து எஞ்சின் பஸ்ஸை இழுத்துவிடும் என்றார் தராசு. ஆகவே ஆளுக்கு ஒரு கல் மாற்று. உடைந்த சுவரின் கற்களைக் கீழிருந்தவர்கள் தூக்கித் தூக்கிக் காட்ட, இவர் உள்ளேயிருந்து மதிப்பிட்டார்.

"அது அரை ஆளு, வேண்டாம். இது கோணிப்பைக்காரரு, ஏத்துங்க. அந்தப் பெரிய கல்லைக் கொண்டாங்க... ஆமா, இதேதான். இது நம்ம வாத்தியாரு!"

நான் இறங்கினேன், நான் ஏறினேன் என்றும் சொல்லலாம். கடைசியாக அவருடைய முறை. அவருக்கென்று காட்டிய கல்லைப் பார்த்து முகம் சுளித்தார். "என்னைப் பாத்தா இத்துனூண்டாவாங்க தெரியுது?" இரண்டாவது கல்லும் உள்ளே போன பிறகே அவர் வெளியே வந்தார்.

மறுநாள் இரண்டு லாரிகள் சங்கிலி பூட்டி பஸ்ஸை இழுத்தன. கற்களைப் பாதையோரம் இறக்கினார்கள். அவற்றுள் ஒன்றை அப்பகுதி மக்கள் 'வாத்தியார் கல்' என்று நெடுங்காலம் அழைத்துவந்தது என் காதுக்கும் எட்டியது. தலைமையாசிரியர் பதவிக்கு அது பெருமை சேர்க்கவில்லை. ஆயினும் நான் ஆட்சேபம் தெரிவிக்கவில்லை.

பஸ்ஸைச் சோதித்த இஞ்சினியர் என்னிடம் ஒன்று சொன்னார். அடிச்சட்டம் சுவரின் அஸ்திவாரத்தில் ஆழப் பதிந்துவிட்டதாம். கல் வைத்திருக்க வேண்டியதே இல்லையாம். உள்ளே கும்மியடித்திருந்தாலும் பஸ் அசைந்திருக்காதாம். பௌதிகப்படி அவர் கூற்று சரி. ஆனால் திறந்த வாசலைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. உண்மையை உரைப்பதே தொழிலாகக் கொண்ட நான், அந்த உண்மையைத் தராசிடம் கடைசிவரை உரைக்கவில்லை.

குழந்தையின் ஐந்தாம் மாதத்தில் மனைவியும் மகளும் என்னோடு மலையேறினார்கள். அடிவாரத்தில் தராசு உள்ளே வந்தார். குழந்தையைக் கண்டதும் டிக்கெட் பையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு இரு கைகளையும் நீட்டினார். "வா கண்ணு." பஸ் முழுவதும் எண்ணுக்காகக் காத்திருந்தது. அவர் குழந்தையை ஏந்தியபடி நின்றார்.

"எவ்வளவு இருக்கும், கண்டக்டர்?" நானே கேட்டேன்.

"தெரியலீங்க சார்," என்றார்.

குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு என் அருகே அமர்ந்தார். அது உறங்கிவிட்டது. முதல் வளைவு வந்தது. உறக்கம் கலையும் என்று அவர் குரல் கொடுக்கவில்லை. பஸ் முழுவதும் சத்தமின்றி இடதுபுறம் சாய்ந்தது.

நானும் சாய்ந்தேன்.