ஆதிமாட்டுக் கம்பவுண்டரின் பதிவேடு

உலகத்திலேயே மாட்டின் கட்சியில் சேர்ந்துகொண்டு மனிதனுக்கு எதிராக வாதாடிய ஒரே ஆள் எங்கள் ஆதிமாட்டுக் கம்பவுண்டர்தான்.

ஐம்பதுகளின் நடுவில், இலுப்பூர்ப் பக்கம் ஒரு கால்நடை ஆஸ்பத்திரியில் நான் குமாஸ்தா. அவர் கம்பவுண்டர். யார் மாட்டைப் பிடித்துக்கொண்டு வந்தாலும் மருந்துக்கு முன்னால் சரித்திரத்தைப் புகட்டுவார்.

"காட்டுல திரிஞ்ச ஆதிமாடு ஆளு ஒசரமுங்க! அதை மனுசன் பிடிச்சுக் கட்டினான்னா நெனைக்கிறீங்க? அதுதான் இவனைப் பாத்துச்சு. கொம்பு இல்ல, ஓடத் தெரியல, புல்லுகூடத் திங்கத் தெரியல. பாவம், பொழச்சுப் போகட்டும்னு கூட வந்துச்சு."

"ஐயா, என் மாடு ரெண்டு நாளா கழியுதுங்க" என்பார் வந்தவர்.

"அதுக்குத்தான் வாரேன்" என்று இவர் அடுத்த ஆயிரம் வருஷத்துக்குள் நுழைவார்.

பேச்சோடு விட்டாரா? ஆஸ்பத்திரிப் பதிவேட்டில் 'உரிமையாளர்: மயிலைப் பசு. கால்நடை: கருப்பையா, வயது நாற்பது, சாது' என்று எழுதிவைத்தார். சோதனைக்கு வந்த அதிகாரி கண்ணாடியை மூன்று தடவை துடைத்துப் படித்துவிட்டு, என்மேல் பாய்ந்தார். அன்று முதல் கம்பவுண்டர் எழுதுவதைச் சிவப்பு மையால் அடித்துத் திருத்துவது என் வேலையாயிற்று. எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வரும்.

அந்தச் சமயத்தில்தான் எனக்குப் பெண் பிறந்தாள். மனைவிக்குக் கடும் காய்ச்சல், தாய்ப்பால் இல்லை. வீட்டிலிருந்த செவலைப் பசுவைத்தான் நம்பியிருந்தோம். அதன் கன்று திடீரென்று செத்துப்போயிற்று. கன்று செத்தால் அதன் தோலில் வைக்கோலைத் திணித்துப் பசுவின் முன்னால் நிறுத்துவார்கள். அதை நக்கிக்கொண்டே பசு பால் சுரக்கும். நானும் செய்தேன். ஆனால் என் சுத்தம் என்னை விடவில்லை. தோலை வாசனைச் சோப்புப் போட்டு இரண்டு தடவை அலசிவிட்டேன்.

செவலை மோந்து பார்த்து ஓர் உதை விட்டது. பால் கறக்க வைத்த செம்பு, வேலிக்கு அங்கிட்டுப் போய் விழுந்தது. குழந்தை சர்க்கரைத் தண்ணீரைக் குடித்துவிட்டு அழுதுகொண்டே இருந்தாள். வேறு வழியில்லாமல் கம்பவுண்டரிடம் ஓடினேன்.

"கன்னுக்குட்டிக்குச் சோப்பா! மூக்கை நம்பிப் பொழைக்கிற சீவன் தம்பி அது!" என்று தலையில் அடித்துக்கொண்டே வந்தார். குழந்தையின் ஈரத்துணியை வாங்கி, மாடு நக்கட்டும் என்று உப்புத்தண்ணீர் தெளித்து, தன் முதுகில் போர்த்திக்கொண்டார். செவலையின் முன்னால் நாலுகாலில் போய் நின்றார்.

"அண்ணே, முட்டிரும்!"

"கேட்டுப் பாப்போம் தம்பி. ஏற்கெனவே ஒருதரம் நம்ம மேல எரக்கப்பட்டதுதானே."

செவலை துணியை மோந்தது. நக்கியது. கழுத்தை நக்கியது. அப்புறம் அவருடைய வழுக்கைத் தலை முழுவதையும் பொறுமையாக நக்க ஆரம்பித்தது.

"கூச்சமா இருக்கு தம்பி, சீக்கிரம் கறங்க!"

பால் இறங்கியது. நான் அழுதுகொண்டே கறந்தேன்.

என் மனைவி தேறி எழும்வரை இருபது நாள், காலையில் தவறாமல் வந்து தலையைக் கொடுத்துவிட்டுப் போனார். இருபதாம் நாள் ஆபீசில், வழக்கம்போல் சிவப்புப் பேனாவும் கையுமாகப் பதிவேட்டைத் திறந்தேன்.

'உரிமையாளர்: செவலைப் பசு. கால்நடை: நம்ம குமாஸ்தா. கன்று: ஒன்று, பெண். இனிப் பயமில்லை.'

அந்தப் பக்கத்தை மட்டும் நான் திருத்தவில்லை.